தேடினால் கிடைக்க வேண்டும்! தென்காசிச் சீமையில் ஒரு புதுத் தச்சுவேலை

குற்றாலத்துக்கும் தேடலுக்கும் பழைய உறவு உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், சிங்கன் தன் மனைவி சிங்கியைக் காணாமல் தேடி அலைகிறான். கடைசியில் கண்டுபிடித்து மகிழ்கிறான்.

இன்றும் ஜனங்கள் தேடுகிறார்கள். ஆனால் கால் தேய அலைவதில்லை. விரல் நுனியால் தேடுகிறார்கள். ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியதும் கைப்பேசியை எடுக்கிறார்கள். "குற்றாலம் தங்கும் விடுதி" என்று எழுதுகிறார்கள். பூதக்கண்ணாடிப் படம் போட்ட பொத்தானைத் தொடுகிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் விடுதிகளின் பட்டியல் வந்து நிற்கிறது!

சில சமயம் வருவதில்லை. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி மட்டும் வருகிறது. தேடியவர் என்ன நினைக்கிறார்? "எனக்குத்தான் சரியாக எழுதத் தெரியவில்லை போலிருக்கிறது" என்று வெட்கப்படுகிறார். கைப்பேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

பிழை உண்மையில் யாருடையது? தேடும் பக்கத்தைக் கட்டுகிறவர்களின் தொழிலைச் சற்றுத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். மென்பொருள் செய்யும் அந்தத் தொழிலைக் காண வெகு தூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்குப் பக்கத்திலேயே அது நடக்கிறது.

வயல் நடுவே ஒரு தொழிற்சாலை

தென்காசிக்குச் சமீபத்தில் மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். மேற்கே மலை, சுற்றிலும் வயல். இங்கே புகைபோக்கி இல்லாத ஒரு தொழிற்சாலை இருக்கிறது. இரும்பும் இல்லை, நூலும் இல்லை. கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருள்தான் இங்கே உற்பத்தியாகிறது. ஜோஹோ என்பது ஸ்தாபனத்தின் பெயர்.

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது தொடங்கியது. நிறுவியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. தஞ்சைச் சீமையைச் சேர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2009-ல் ஸ்தாபனத்துக்கு ஜோஹோ என்று பெயர் மாறியது. 2011-ல் தென்காசியில் ஒரு சிறு அலுவலகம் திறந்தார்கள். 2019-ல் ஸ்ரீதர் வேம்பு தாமே மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் தென்காசியில் வளர்ந்ததுதான். கம்பெனிகளுக்கு வாடிக்கையாளர்கள் எழுதும் குறைகளைப் பதிவு செய்து, பதில் சொல்ல உதவும் மென்பொருள் அது. ஒருவர் போன மாதம் எழுதிய புகாரைப் பற்றி இன்று கேட்டால், ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு நடுவே அதைக் கண்டெடுக்க வேண்டும் அல்லவா? தேடும் வசதி இல்லாவிட்டால் இப்படிப்பட்ட மென்பொருள் எதற்கும் உதவாது.

காப்பியின் பெயரில் ஒரு மொழி

கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடுவதற்கென்று தனி மொழிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஜாவா. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் உருவாகி, 1995-ல் வெளிவந்தது. முதலில் அதற்கு 'ஓக்' என்று பெயர். காஸ்லிங்கின் அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் பெயர் அது! பிறகுதான் காப்பிக்குப் பேர்போன ஜாவாவின் பெயரைச் சூட்டினார்கள். அட்வென்ட்நெட்டின் ஆரம்ப காலப் பண்டங்கள் இந்த ஜாவாவில் எழுதப்பட்டவைதான்.

ஒரு முறை எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பது ஜாவாவின் வாக்குறுதி. இன்னொரு சிறப்பும் உண்டு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான 'யூனிகோட்' எழுத்து முறையை அது பிறந்த நாளிலிருந்தே ஏற்றுக்கொண்டது. அதில் தமிழுக்கும் இடம் உண்டு.

கதவும் ஜன்னலும் தயார்!

வீடு கட்டும் தச்சர் என்ன செய்கிறார்? முற்காலத்தில் மரத்தை அறுத்து, இழைத்து, ஒவ்வொரு ஜன்னலையும் தாமே செய்தார். இப்போது கடையில் கதவு தயாராகக் கிடைக்கிறது, ஜன்னல் கிடைக்கிறது. வாங்கிவந்து பொருத்தினால் போதும்.

மென்பொருளிலும் இதே கதைதான். எழுதுவதற்கு ஒரு பெட்டி, தொடுவதற்கு ஒரு பொத்தான், விடைகளைக் காட்ட ஒரு அட்டவணை என்று தயாராகச் செய்து வைத்திருக்கிறார்கள். இவற்றைக் 'காம்போனன்ட்' என்கிறார்கள். தமிழில் பாகம் என்று சொல்லலாம். இப்படிப்பட்ட பாகங்களையும், அவற்றைப் பொருத்தும் விதிகளையும் சேர்த்துத் தரும் தொகுதிக்கு 'ஃபிரேம்வொர்க்' என்று பெயர். ஜாவா மொழியில் 2004-ல் வந்த 'ஜாவா சர்வர் ஃபேசஸ்' இத்தகையது. பின்லாந்து நாட்டிலிருந்து வந்த 'வாடின்' இன்னொன்று. வாடின் என்றால் அந்த நாட்டு மொழியில் பெண் கலைமான் என்று பொருள்!

உள்ளே நடப்பது என்ன?

குற்றாலத்து விடுதிகளைத் தேட ஒரு பக்கம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் தச்சர் முதலில் ஒரு எழுத்துப் பெட்டியை வைக்கிறார். அதன் பக்கத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு பெட்டி. கீழே ஓர் அட்டவணை. மூன்று பாகங்கள், பக்கத்தின் உருவம் முடிந்தது.

அடுத்து உயிர் கொடுக்க வேண்டும். "பெட்டியில் எழுத்து விழுந்தால் உடனே எனக்குச் சொல்" என்று எழுத்துப் பெட்டிக்கு ஒரு கட்டளை. ஆனால் 'கு' என்று எழுதியவுடனே ஓடிப்போய்த் தேடக் கூடாது. நல்ல கடைக்காரர், வாங்க வந்தவர் சொல்லி முடிக்கும் வரையில் பொறுத்திருப்பார் அல்லவா? அதுபோலப் பெட்டியும் அரை விநாடி பொறுத்திருந்து, கை நின்ற பிறகுதான் செய்தி அனுப்ப வேண்டும்.

செய்தி, தகவல்கள் சேர்த்து வைத்திருக்கும் கிடங்குக்குப் போகிறது. அங்கே ஒரு காவல் தேவை. பெட்டியில் யார் எதை எழுதினாலும் அதைத் தேட வேண்டிய சொல்லாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். கிடங்குக்கு இடும் உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இல்லாவிட்டால், விஷமக்காரன் ஒருவன் "எல்லாவற்றையும் அழி" என்ற பொருள்படும் கட்டளையைப் பெட்டியில் எழுதிவிட்டுப் போய்விடுவான்!

கிடங்கில் பத்தாயிரம் விடுதிகள் பதிவாகியிருக்கலாம். ஒன்றொன்றாகப் புரட்டினால் நேரம் ஆகும். ஆகையால் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல் அட்டவணை போல ஒன்றை முன்கூட்டியே தயார் செய்து வைக்கிறார்கள். எந்தச் சொல் எந்தப் பதிவில் இருக்கிறது என்று அது உடனே காட்டிவிடும்.

கிடைத்த விடைகளை எல்லாம் ஒரே சமயத்தில் அனுப்புவதும் இல்லை. பந்தியில் சமையலறைச் சோறு முழுவதையும் ஒரே இலையில் கொட்டுவார்களா? முதலில் ஐம்பது வரிகள். படிப்பவர் கீழே நகர்த்தினால் அடுத்த ஐம்பது. இதனால்தான் மலிவான கைப்பேசியிலும் பக்கம் திணறாமல் வருகிறது.

குற்றாலமா, குத்தாலமா?

இதுவரை சொன்னது பாகங்களின் வேலை. உலகில் எந்த ஊரிலும் இது இப்படித்தான் நடக்கும். இனிமேல்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

தென்காசிச் சீமையில் வாய்ப்பேச்சில் குற்றாலத்தைக் 'குத்தாலம்' என்பார்கள். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர் பேசுவது போலவே எழுதுவார். அதில் தப்பு இல்லை. ஆனால் குத்தாலம் என்றே ஒரு ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது! இங்கேயும் சிவன் கோயில். அங்கேயும் சிவன் கோயில். அருவியில் குளிக்கப் புறப்பட்ட குடும்பம், அருவியே இல்லாத காவிரிக் கரை ஊரில் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு ஊர்களையும் காட்டி, "எந்த மாவட்டம்?" என்று பக்கம்தான் கேட்க வேண்டும்.

ஆங்கில எழுத்தில் தேடினாலும் நிம்மதி இல்லை. குற்றாலத்தைப் பழைய முறையில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். உச்சரிப்பைப் பின்பற்றுகிறவர்கள் 'கே'யில் தொடங்குவார்கள். இரண்டும் ஒரே ஊர்தான் என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மாவட்டத்திலும் ஒரு சிக்கல். 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன்பு எழுதப்பட்ட பதிவுகளில் குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும். 'தென்காசி மாவட்டம்' என்று மட்டும் தேடினால் பழைய பதிவுகள் கண்ணில் படாமல் போகும். ஒரு நிலத்தின் பழைய விவரத்தையோ, ஒரு பள்ளியின் பழைய கணக்கையோ தேடுகிறவருக்கு இது சிறு விஷயம் அல்ல.

எல்லாவற்றையும் விட விசித்திரமான சிக்கல் ஒன்று உண்டு. 'கொல்லம்' என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கோ வேறு வேறு! ஒரு விதத்தில் சேமித்த பெயர், மறு விதத்தில் தேடினால் கிடைக்காது. ஒப்பிடுவதற்கு முன்பு இரண்டையும் ஒரே விதமாக மாற்றிக்கொள்வதே இதற்குப் பரிகாரம். அதற்கான கருவி 2006 முதல் ஜாவாவிலேயே இருக்கிறது. ஆனால் அதை நினைத்துப் பயன்படுத்துகிறவர் வேண்டும்.

பரிட்சைத் தாள் அல்ல

தேடும் பெட்டி பரிட்சைத் தாள் அல்ல. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதற்காக அதை வைக்கவில்லை. தேடியவருக்குக் கிடைக்கச் செய்வதே அதன் வேலை. விடை இல்லை என்றாலும், "குற்றாலத்தைத் தேடினீர்களா?", "மாவட்டத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள்" என்று நல்ல பக்கம் வழி சொல்லும். வெறுமனே "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று கதவைச் சாத்தாது.

பாகங்களைப் பொருத்த யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். சாதாரண ஜனங்கள் ஒரு சொல்லை எப்படி எழுதுவார்கள் என்பதைப் பின்லாந்திலிருந்து வரும் பாகம் சொல்லித் தராது. ஜனங்களோடு பழகியவருக்குத்தான் அது தெரியும். 'குத்தாலம்' என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பையனோ பெண்ணோ, அந்தச் சொல்லுக்கும் பெட்டியில் இடம் வைப்பார்கள்.

ஜோஹோ நடத்தும் பயிற்சிப் பள்ளி தென்காசியிலும் உண்டு. பிளஸ் 2, டிப்ளமோ முடித்த மாணவ மாணவிகளுக்கு மாத உதவித்தொகை கொடுத்து மென்பொருள் தொழில் கற்பிக்கிறார்கள். அங்கே உருவாகும் மென்பொருளை வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் கற்ற வித்தை ஊரில் இருக்கிறது. நாளைக்கு ஊராட்சிப் பதிவேட்டுக்கோ, நூலகப் புத்தகப் பட்டியலுக்கோ, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கோ ஒரு தேடும் பக்கம் வேண்டுமென்றால், ஜனங்களின் பேச்சு தெரிந்தவர்களே அதைக் கட்டலாம்.

பாண்டியன் வணங்கிய கைகள்

தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் செப்பனிடப் போகிறவர்களின் பாதத்தை இப்போதே வணங்குவதாக அவன் கல்வெட்டில் பொறித்துவைத்தான். பின்னால் ராஜகோபுரம் சிதைந்துதான் போயிற்று. 1990-ல் புதுக் கோபுரம் நிமிர்ந்து நின்றது.

கல்லில் கட்டியதற்கே பழுது பார்ப்பவர் தேவை என்றால், சொல்லில் கட்டியதற்குக் கேட்க வேண்டுமா? மாவட்டம் பிரிகிறது, பெயர் மாறுகிறது, புதுப் புது மனிதர்கள் தேட வருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எது கிடைக்கவில்லை என்று தேடியவர்கள் வாய் திறந்து சொன்னால்தான் அந்தத் திருத்தம் நடக்கும்.

ஆகையால், அடுத்த தடவை "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். வேறு விதமாக எழுதிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால், அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.