பம்பைத் தின்னும் நீர்க்குமிழிகள்

கோடையில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது, நீடாமங்கலம் வட்டாரத்தில் ஃபில்டர் பாயிண்ட்டிலிருந்து குறுவை நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் பம்புகள் சிலவற்றில் கூழாங்கல் உருளுவது போன்ற ஓசை எழும். வரும் நீரும் குறையும். பம்பைப் பிரித்துப் பார்த்தால் இம்பெல்லரில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரியும். மணலும் இம்பெல்லரைத் தேய்க்கும். ஆனால் இந்த ஓசையும் குழிகளும் சேர்ந்து காணப்பட்டால், நீரில் தோன்றும் குமிழிகளே காரணமாக இருக்கலாம்.

குமிழி தோன்றுவது ஏன்?

நீர் கொதிப்பதற்குச் சூடு மட்டுமே காரணமன்று. அழுத்தம் மிகவும் குறைந்தால் 30 டிகிரி நீரும் ஆவிக் குமிழிகளாகும். பம்பு நீரை உறிஞ்சும்போது இம்பெல்லரின் வாயில் இந்நிலை ஏற்படலாம். அக்குமிழிகள் அழுத்தம் மிகுந்த பகுதியை அடைந்ததும் கணப்பொழுதில் நசுங்குகின்றன. உலோகத்தை ஒட்டி நசுங்கும்போது ஊசி போன்ற நீர்த்தாரை பாய்ந்து உலோகத்தைத் தாக்குகிறது. இவ்வாறு நசுங்கும்போது பேரழுத்தம் உண்டாவதை ராலே பிரபு என்னும் ஆங்கில விஞ்ஞானி 1917-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

ஒலி செய்யும் வேலை

இதே குமிழிகளை ஒலியாலும் உண்டாக்கலாம். வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும், நம் செவிக்கு எட்டாத ஒலி மீயொலி எனப்படும். அது நீரில் செல்லும்போது ஓர் இடத்தில் அழுத்தம் மாறிமாறிக் குறைந்து கூடுகிறது. குறையும்போது குமிழி பருக்கிறது, கூடும்போது சுருங்குகிறது. ஓரளவு பருத்ததும் திடீரென நசுங்குகிறது. அக்கணம் குமிழியின் உள்ளே பல ஆயிரம் டிகிரி வெப்பம் தோன்றி உடனே தணிகிறது. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியின் அழுக்கை நீக்கவும், மண் ஆய்வுக்கூடத்தில் மண்கட்டிகளை மணல், வண்டல், களி எனப் பிரிக்கவும் இம்முறை பயன்படுகிறது. அங்கு நன்மை செய்யும் குமிழியே பம்பில் தீமை செய்கிறது.

தடுக்கும் முறைகள்

1. வளிமண்டல அழுத்தம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரமே தள்ள வல்லது. உராய்வு முதலியவை போக, நீர்மட்டத்திற்கு மேல் 6 மீட்டருக்குள் (20 அடி) பம்பு இருப்பது நலம். நீர்மட்டம் இறங்கினால் குழி வெட்டிப் பம்பை இறக்கி வைக்கலாம்.

2. உறிஞ்சு குழாய் பம்பின் வாயைவிடக் குறுகலாக இருத்தல் கூடாது. வளைவுகளையும் குறைக்க வேண்டும்.

3. ஃபில்டரும் ஃபுட்வால்வும் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. நீரின் அளவைக் குறைக்க வேண்டுமானால் வெளியேற்றும் பக்கத்து வால்வையே மூட வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை மூடக் கூடாது.

கூழாங்கல் ஓசை கேட்டால் இம்பெல்லரை மட்டும் மாற்றிப் பயனில்லை. காரணத்தை நீக்காவிட்டால் புதிய இம்பெல்லரும் அதே கதியை அடையும்; செலவும் வீணாகும்.