மணப்பொருத்தச் செயலியும் மக்கள் நம்பிக்கையும்

மணமக்களைத் தேடிப் பொருத்துதல் நம்மவரிடையே நெடுங்காலம் தரகர் கையில் இருந்த தொழிலாகும். அவர் கொணரும் சாதகக் குறிப்பினும், அதனைக் கொணர்ந்தவர் யார் என்பதே பெற்றோர்க்கு முதன்மையாயிற்று. பொய்யுரைத்த தரகர் மறுமுறை அவ்வூரிற் கால் வைத்தல் அரிது. இன்று மணமகள் யாழ்ப்பாணத்திலும் மணமகன் கனடாவிலுமாக இருக்க, அத்தொழிலைக் கைத்தொலைபேசிச் செயலிகளும் மேற்கொண்டுள்ளன. செயலிக்கு முகமில்லை. எனவே தரகர் தம் பெயரைப் பணயம் வைத்துப் பெற்ற நம்பிக்கையை அது தன் அமைப்பினாலேயே பெறல் வேண்டும்.

எளிமை என்பதைப் பலர் விரைவென்றே கொள்கின்றனர். 2012 இல் வெளிவந்த ரின்டர் என்னும் செயலி, ஒருவரது படத்தை வலப்புறம் தள்ளின் விருப்பம், இடப்புறம் தள்ளின் மறுப்பு என்னும் முறையை உலகெங்கும் பரப்பிற்று. கற்பிப்பாரின்றியே எவரும் கற்கத்தக்க எளிமை அது. ஆயினும் வாழ்க்கைத்துணை நாடுவோர் உள்ளத்தில் வேறிரு வினாக்கள் எழுகின்றன: இவர் கூறுவது மெய்தானா? நான் கூறியது எங்கே செல்லும்?

முதலாவதற்கு அடையாள அட்டையையும் படத்தையும் ஒப்புநோக்குதல் ஒருவாறு விடையாகும். ஆனால் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுச் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பொதுப்பட முத்திரையிடின், அவர் தொழிலும் மணமாகாமையுங்கூட ஆராயப்பட்டன என்றே காண்போர் கருதுவர். எது பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்று வெளிப்பட எழுதுதலே நேர்மை.

இரண்டாம் வினாவின் கனத்தை உணர்த்தியது 2015 இல் நேர்ந்த ஒரு கேடு. மணமானோர் மறைவில் உறவு தேடுதற்கென இயங்கிய ஆஷ்லி மடிசன் என்னும் இணையத்தளம் (அதன் நோக்கத்தை ஈண்டு ஆராயப் புகவில்லை) ஊடுருவப்பட்டு, ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளிப்பட்டன. கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆணையாளர்கள் இதனை விசாரித்து 2016 இல் அறிக்கை வெளியிட்டனர். பாதுகாப்புக்காக விருது பெற்றதாக முகப்பிற் பொறித்திருந்த சின்னம் அந்நிறுவனமே புனைந்தது என்பது அதனால் தெரியவந்தது. விவரங்களை முற்றாக அழித்தற்கு 19 டொலர் அறவிட்டதும், கட்டணஞ் செலுத்தியோரின் சில விவரங்கள் ஓராண்டு வரை வைத்திருக்கப்பட்டதும் வெளியாயின. நுழைதற்கு விலையில்லை, நீங்குதற்கு விலை! நல்ல செயலியில் நீங்கும் வாயிலும் நுழைவாயில் போலவே எளிதிற் புலப்படல் வேண்டும்.

விவரங்களைப் படிப்படியாக வெளியிடுதலும் இன்றியமையாதது. தொடக்கத்தில் வயதும் கல்வியும் தொழிலும் போதும். படம், பெண் இசைந்தவர்க்கு மட்டும் தெரிதல் வேண்டும். தொலைபேசி எண் இருவரும் இசைந்த பின்னரே. தரகர் வீட்டிலும் முதல்நாளே முகவரி சொல்லப்படுவதில்லை.

வினாப்படிவமும் சிறு பொருளன்று. மணமகளின் தோல் நிறத்தைக் கொண்டு தேடும் வசதி சாதி.கொம் தளத்தில் இருந்தது. வெளிநாடுகளில் வாழும் தெற்காசியப் பெண்களின் எதிர்ப்பினால் 2020 இல் நீக்கப்பட்டது. படிவத்தில் ஒன்றைக் கேட்டால், அது கேட்கத்தக்கதே என்று பயன்படுத்துவோர் கொள்வர். சாதகம் வேண்டுவோர் அதனை இணைக்கலாம். வேண்டாதார் வெற்றிடமாக விடுதற்கும் வழியிருத்தல் நன்று.

நம் நாட்டில் பெற்றோரே பிள்ளைகளின் விவரங்களைப் பதிதல் வழக்கம். அதனைத் தடுத்தல் பயனற்றது. ஆயின் பதிவு பிறர்க்குத் தெரியுமுன், உரிய மகனுக்கோ மகளுக்கோ அவரவர் தொலைபேசியில் அதனைக் காட்டி, ‘இதற்கு இசைகின்றீரா?’ என்று செயலி வினவலாம். மறுமொழி வரும்வரை அப்பதிவு வெளிவராதிருக்கட்டும்.