நமுத்தால்தான் பிழைப்பு

பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இரண்டு வடிவில் கிடைக்கிறது. திரவமாக வருவதை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். வெள்ளைப் பொடியாக வருவது அவ்வளவு அடம்பிடிக்காது. கரண்ட் அடிக்கடி போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் காலம் தள்ளிவிடும். இரண்டிலும் ஒரே சரக்குதான், குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். தண்ணீரை எடுத்துவிட்டால் புரதத்துக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் வாசகர்கள் உண்டு.

ஈரம் இல்லாவிட்டால் கிருமி வளராது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிப் பதில்கூட இல்லை. கிருமி நீக்கி மூடிய குப்பிக்குள் கிருமி ஏது? புரதம் தானாகவே கெடுகிறது. கெடுவதற்கு அது அசைய வேண்டும். அசைய அதற்குத் தண்ணீர் வேண்டும்.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லித் தொலைக்க வேண்டும். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்த ஜான் கெண்ட்ரூ 1962-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். படம் அழகாக இருந்தது. அதில் ஆக்சிஜன் உள்ளே நுழைய வழிதான் இல்லை! புரதம் சிலையாக நின்றால் நாம் மூச்சுவிட்டுப் பயனில்லை. 1975-இல் ஹான்ஸ் ஃப்ராவன்ஃபெல்டரின் இல்லினாய் குழு இதே மயோகுளோபினைக் குளிர்வித்து ஆராய்ந்து, அது ஒரே வடிவம் அல்ல, சற்றே வேறுபட்ட பல வடிவங்களின் கூட்டம் என்று காட்டியது.

சுவாரசியம் 1989-இல் வருகிறது. டாஸ்டர், கியூசாக், பெட்ரி மூவரும் மயோகுளோபின் மீது நியூட்ரான்களைப் பாய்ச்சினார்கள். நியூட்ரானுக்குச் சாதாரண ஹைட்ரஜன் மீதுதான் கண். எனவே சாதாரண நீருக்குப் பதில், ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட கனநீரைக் கொடுத்தால் நீர் பெரும்பாலும் மறைந்துவிடும், புரதத்தின் அசைவு மட்டும் தெரியும். ஆழ்ந்த குளிரிலிருந்து சூடேற்ற ஏற்ற அசைவு சீராகக் கூடியது. மைனஸ் 70-க்கும் மைனஸ் 50-க்கும் இடையில் எங்கோ கோடு சட்டென்று மேல்நோக்கி வளைந்தது. இதில் ஒரு நிபந்தனை: புரதம் ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த புரதத்தில் அந்தத் துள்ளல் இல்லை.

அப்பளத்தை நினைத்துக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்தது விறைப்பாக நிற்கும், வளைத்தால் ஒடியும். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் நமுத்துத் துவளும். துவண்டதைக் கடுங்குளிரில் வைத்தால், ஈரம் அப்படியே இருந்தும், திரும்ப விறைக்கும். ஈரத்தை எடுத்தாலும் சரி, சூட்டை எடுத்தாலும் சரி, புரதத்துக்கும் ஏறக்குறைய ஒரே கதிதான். உவமையை இன்னும் இழுத்தால், பொரித்த அப்பளம் மறுபடி பச்சையாகாது. வெந்த முட்டையின் புரதமும் அப்படியே. ஆனால் அப்பளத்துக்கு நமுத்தால் அவமானம், புரதத்துக்கோ அதுதான் பிழைப்பு. போதாக்குறைக்கு, எவ்வளவு காய்ந்த புரதத்திலும் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு அணுக்கூட்டங்கள் தம் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். அப்பளத்தை இத்துடன் விட்டுவிடுவது நல்லது.

உள்ளே நடப்பது இது. உலர்ந்த புரதத்தின் பக்கக்கிளைகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடக்கின்றன. நீர் மூலக்கூறு வந்தால் பற்றிக்கொள்ள வேறொரு கை கிடைக்கிறது. அந்தக் கை நிலையாக நிற்பதும் இல்லை. சாதாரண வெப்பநிலையில், நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் சில துணுக்குகளுக்குள் நீர் தன் பிடியை மாற்றிக்கொள்கிறது. பிடி தளரும் அந்த இடைவெளியில் புரதம் புரண்டுகொள்கிறது. புரதத்தின் மேல் படிந்த மெல்லிய நீர் எளிதில் பனிக்கட்டியாவதில்லை. கடுங்குளிரில் கண்ணாடிபோல இறுகிப் பிடிமாற்றத்தை நிறுத்துகிறது, கூடவே புரதமும் நிற்கிறது.

இதற்கு வேண்டிய நீரோ சொற்பம். முட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் என்ற நொதியில் 129 அமினோ அமிலங்கள். அதைப் போர்த்தச் சுமார் 300 நீர் மூலக்கூறுகள் போதும். ஏறக்குறைய அதில் பாதி, அதாவது ஒரு கிராம் புரதத்துக்கு 0.2 கிராம் நீர், சேர்ந்ததுமே அந்த நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது.

1992-இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் படிகத்தில் இன்னும் அழகான சோதனை நடந்தது. மைனஸ் 45 டிகிரியில் தடுப்பு மூலக்கூறு புரதத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது. மைனஸ் 61-இல் நாள்கணக்கில் காத்திருந்தும் ஒட்டவில்லை. மைனஸ் 45-இல் ஒட்டவைத்து மைனஸ் 61-க்குக் குளிர்வித்தால், கழுவினாலும் வெளியே வரவில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு ‘உயிரின் சுவிட்ச்’ என்று முழங்குவது எளிது. 1998-இல் ராய் டேனியல் குழு உறையாத மெத்தனால் கலவையில் வேறொரு நொதியை மைனஸ் 53-க்கும் கீழே கொண்டுபோனது. வேகம் குறைந்துகொண்டே போனதே தவிர, எந்த இடத்திலும் சுவிட்ச் அணையவில்லை. நியூட்ரான் கருவிக்குத் தெரிவது மிகக் குறுகிய நேரத்தில் முடியும் அசைவுகள் மட்டுமே. நொதியின் ஒரு சுற்று வேலை அதைவிடப் பல லட்சம் மடங்கு நேரம் எடுக்கும். கூடுதல் நேரம் கவனிக்கும் கருவியால் அளந்தால், அந்தப் புகழ்பெற்ற வளைவே இன்னும் குளிரான இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.