பக்கத்து வீட்டுத் தட்டுக்கும் ஒரு கப் கேக்... கிரீம் உருகாமல், பழம் கசியாமல் அலங்கரிப்பது எப்படி?

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் கிடையாது. டிசம்பர் 25 காலையில் அது அச்சு முறுக்கு, கலகலா, முந்திரிக்கொத்து, கேக் என்று நிறைந்து திரும்பிப் போகும். இப்போதெல்லாம் அந்தத் தட்டில் பிளம் கேக் துண்டுக்குப் பக்கத்தில் கப் கேக்கும் இடம் பிடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்று. வெட்ட வேண்டாம், 'அவனுக்குப் பெரிய துண்டு' என்ற சண்டையும் இல்லை!

ஆனால், போனில் பார்த்த படத்தை நம்பி இரவெல்லாம் உட்கார்ந்து அலங்கரித்தவர்களுக்குத்தான் தெரியும், காலையில் டப்பாவைத் திறக்கும்போது காத்திருக்கும் அதிர்ச்சி. கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஸ்ட்ராபெர்ரியின் சிவப்புச் சாறு வெள்ளைக் கிரீமில் வழிந்திருக்கும். ஆப்பிள் துண்டு கறுத்திருக்கும். குறை கைப்பக்குவத்தில் இல்லை. அந்தப் படங்களில் பல, பனி பெய்யும் ஊர்களில் எடுக்கப்பட்டவை. நமக்கோ டிசம்பர் என்றால் பருவமழை ஈரமும், பல ஊர்களில் 28, 29 டிகிரி பகல் வெப்பமும்தான். நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி செய்தால், இந்த அலங்காரம் சமையலறைக்குப் புதியவர்களுக்கும் வசப்படும்.

கோப்பையில் பிறந்த கேக்

சிறு கோப்பைகளில் வேகவைக்கும் கேக் பற்றிய குறிப்பு, 1796-ல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது. 'கப் கேக்' என்ற பெயர் 1828-ல் எலைசா லெஸ்லியின் புத்தகத்தில் அச்சேறியது. நம் பக்கம் கிறிஸ்துமஸ் கேக் கதை தலச்சேரியில் தொடங்குகிறது. அங்கே பேக்கரி நடத்திய மம்பள்ளி பாபு, 1883-ல் ஓர் ஆங்கிலேயர் கேட்டதற்காக உள்ளூர்ப் பொருட்களை வைத்துக் கேக் செய்து கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்த அந்தச் சாமர்த்தியம்தான் இன்றைக்கும் தேவை.

முதலில் கேக்: முட்டை இல்லாமலே மெத்தென்று

தட்டு போகும் வீடு சைவமாக இருந்தால், முட்டை சேர்த்த கேக்கை மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பிட மாட்டார்கள். அதனால் தயிர் கேக் எல்லோருக்கும் பொருந்தும். 12 கப் கேக்குக்கு அளவு இது.

ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரையும்வரை அடியுங்கள். ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்பச் சோடா சேர்த்து 5 நிமிடம் வையுங்கள். தயிர் நுரைத்துப் பொங்கி வரும். அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ் ஊற்றி, சலித்த ஒன்றரை கப் மைதாவைக் கட்டியில்லாமல் கலக்குங்கள். அதிகம் கலக்கினால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். காகிதக் கப்பில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, சூடேற்றிய அவனில் 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

அடுத்து மிக முக்கியமான வேலை, பொறுமை. கேக் முழுவதும் ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே வெதுவெதுப்பு இருந்தால், மேலே வைக்கும் கிரீம் பத்து நிமிடத்தில் நெய்யாகிவிடும்.

எந்த கிரீம் நிற்கும்?

பெட்டிக்கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமை மணிக்கணக்கில் அடித்துவிட்டுச் சோர்ந்து போகிறவர்கள் உண்டு. அதில் கொழுப்பு 25 சதவிகிதம்தான். அது கெட்டியாக நிற்காது. அடித்தால் நிற்க 30 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்பு வேண்டும்.

வீட்டுக்குச் சுலபம் பட்டர் கிரீம். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை வெளுக்கும்வரை அடித்து, சலித்த ஐசிங் சர்க்கரை 200 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் பால் விட்டால் தயார். ஐசிங் சர்க்கரை இல்லையா? ஒரு கப் சர்க்கரையோடு ஒரு டீஸ்பூன் சோள மாவு சேர்த்து மிக்ஸியில் நைஸாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கையின் சூடே அதற்குப் போதும்! கிரீம் தளர்ந்தால் சர்க்கரையைக் கொட்டாமல், பாத்திரத்தோடு 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள்.

உஷ்ணமான ஊர்களில் பேக்கிங் கடையில் கிடைக்கும் 'நான் டெய்ரி' விப்பிங் கிரீம் கூடுதல் நேரம் தாங்கும். அது பெரும்பாலும் தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது என்பதால், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அதில் ஏற்கெனவே இனிப்பு இருக்கும். தனியாகச் சர்க்கரை வேண்டாம்.

கிரீம் பிழிய நாசில் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கெட்டியான உணவு பிளாஸ்டிக் கவரில் நிரப்பி நுனியை வெட்டி, மருதாணிக் கோனைப் பிடிப்பதுபோல் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய வேலையா என்ன!

பழம்: கழுவினால் போதாது, உலர வேண்டும்

கிரீமைக் கெடுப்பது பழம் அல்ல, பழத்தின் மேல் இருக்கும் தண்ணீர். கழுவியதும் துணியில் பரப்பி, டிஷ்யூவால் ஒற்றி, ஒட்டிய ஈரம் போனபிறகே வெட்ட வேண்டும். வெட்டிய பக்கத்தையும் மறுபடி ஒற்றுங்கள். கூடியவரை வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். சாறு கிரீமில் இறங்காது.

இந்தச் சமயத்தில் ஸ்ட்ராபெர்ரி வரத்து இருக்கும். அது விலை அதிகம் என்றால் மாதுளை இருக்கிறது. கிறிஸ்துமஸ் சிவப்புக்கு அதைவிட அழகான முத்து கிடையாது. வெட்டாமலே வைப்பதால் சாறும் கசியாது. கமலா ஆரஞ்சுச் சுளையைத் தோல் கிழியாமல் வைக்கலாம். ஆப்பிள் என்றால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் கறுக்காது. வாழைப்பழம் அலங்காரத்துக்கு வேண்டாம். பேக்கரி கேக்கில் சிவப்பாக மின்னும் 'செர்ரி' பல நேரம் பாகில் ஊறிய களாக்காய்தான். டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காய். அப்படியிருக்க, நல்ல பழத்தையே வைப்பது இன்னும் மேல்!

கிவிக்கும் அன்னாசிக்கும் மட்டும் தனி எச்சரிக்கை. இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம்கள் உண்டு. பால் கிரீமில் வெகுநேரம் வைத்தால் கிரீம் இளகிக் கசக்கும். பரிமாறும் நேரத்தில் வையுங்கள்.

பளபளப்புக்கு ஜாம் போதும்

கடைக் கேக்கில் பழம் கண்ணாடிபோல் மின்னுவதைப் பார்த்து ஜெலட்டின் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படுவது. சைவ வீட்டுத் தட்டுக்கு அது ஆகாது. பதிலுக்கு 2 டேபிள்ஸ்பூன் ஜாமில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு லேசாகச் சூடாக்கி வடிகட்டி, ஆறியதும் பழத்தின் மேல் பிரஷ்ஷால் தடவினால் அதே மினுமினுப்பு. வெட்டிய பழம் சீக்கிரம் வாடாது. ஜெல்லிதான் வேண்டும் என்றால் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகர் இருக்கிறது.

நான்கு எளிய அலங்காரங்கள்

சான்டா தொப்பி: ஸ்ட்ராபெர்ரியின் காம்புப் பக்கத்தை நேராக வெட்டி, வெள்ளைக் கிரீம் வளையத்தின் மேல் கூர்முனை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். நுனியில் ஒரு புள்ளி கிரீம். தொப்பி தயார்.

கிறிஸ்துமஸ் மரம்: பச்சைக் கிரீமைக் கூம்பாகச் சுற்றி, இடையிடையே மாதுளை முத்துகளைப் பதியுங்கள். உச்சியில் கெட்டியான பப்பாளியில் வெட்டிய சிறு நட்சத்திரம்.

மலர் வளையம்: ஓரத்தில் உலர்ந்த புதினா இலைகளை வட்டமாக வைத்து, மூன்று மூன்று மாதுளை முத்துகள். படங்களில் வரும் நிஜ ஹாலிச் செடியின் பழம் நஞ்சு. அதைத் தேடி அலைய வேண்டாம்.

பனிப்பந்து: கிரீமின் மேல் உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவி, நடுவில் ஒரே ஒரு கறுப்பு திராட்சை. செய்ய ஒரு நிமிடம்.

குட்டிகள் சாப்பிடும் தட்டு

அலங்காரத்தைத் தாங்க டூத் பிக் குத்துவது பலருக்குப் பழக்கம். குழந்தைகள் கேக்கைக் கண்ணால் பார்ப்பதில்லை, வாயால்தான் பார்க்கிறார்கள். அதனால் குச்சி வேண்டவே வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குக் கிரீம் இல்லாத சிறிய கேக் ஒன்றில் பழம் மட்டும் வைத்துத் தனியே எடுத்து வைத்தால், இனிப்பை எண்ணிச் சாப்பிடும் அவர்களும் பந்தியில் சேர்ந்துகொள்ளலாம்.

நேரக் கணக்கு

23-ம் தேதி மாலை கேக்கை வேகவைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். 24-ம் தேதி கிரீமை அடித்து, பழங்களைக் கழுவி உலர்த்தித் தனித்தனி டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நள்ளிரவு ஆராதனைக்கு நிம்மதியாகக் கிளம்பலாம். 25-ம் தேதி காலையில் கிரீம் பிழிந்து, கடைசியாகப் பழம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக் ஈரக்காற்றில் வியர்க்கும் என்பதால், பழம் வைத்தபின் மறுபடி உள்ளே வெளியே மாற்றாதீர்கள். கிரீமும் பழமும் சேர்ந்த கேக் வெளியில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். 'உடனே சாப்பிட்டுடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது நல்லது.

கடைக் கேக்கின் நேர்த்தி இதில் இருக்காது. ஒரு சான்டாவின் தொப்பி சாய்ந்திருக்கும், ஒரு மரம் குட்டையாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு 'இதை நான்தான் செஞ்சேன்' என்று வீட்டுக் குழந்தை பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்தும்போது, அந்தச் சாய்வு யார் கண்ணுக்கும் தெரியாது. மூன்று வாரத்தில் பொங்கல். தட்டு எப்படியும் வெறுமனே திரும்பி வராது!