எழுத்துச்சரமும் அதன் துணைவகுப்பும்

பெயர், முகவரி, குறியீட்டெண் முதலியன கணினி நிரல்களில் எழுத்துக்களின் கோவையாக வைக்கப்படுகின்றன. இக்கோவைக்கு எழுத்துச்சரம் அல்லது ஸ்டிரிங் என்று பெயர். பொருள்நோக்கு நிரலாக்கத்தில், ஓரினப் பொருள்களின் இயல்புகளை வரையறுப்பது வகுப்பு எனப்படும். ஒரு வகுப்பின் இயல்புகளை மரபாகப் பெற்று, புதியன சிலவற்றையும் கொள்வது துணைவகுப்பாகும். நிரல்மொழியிலேயே அமைந்துள்ள எழுத்துச்சர வகுப்பினின்று துணைவகுப்பைத் தோற்றுவித்தல் தகுமா என்பது ஆராயத்தக்கது.

ஜாவா மொழி இதற்கு இடந்தருவதில்லை. அதில் ஸ்டிரிங் இறுதி வகுப்பாக அறிவிக்கப்பட்டுள்ளது. பைத்தானில் 2001-ஆம் ஆண்டு வெளிவந்த 2.2 பதிப்பு முதல் இது இயலும்.

1972-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஆறு இலக்கங்களை உடையது. ஆறு இலக்கங்கள் உள்ளனவா எனச் சோதித்த பின்னரே பொருளை ஆக்கும் துணைவகுப்பு ஒன்றை எழுதலாம். பைத்தானில் எழுத்துச்சரம் தோன்றியபின் மாற்றமுறாது. ஆதலின், உள்ளிட்ட மதிப்பிலுள்ள வெற்றிடங்களை நீக்குதல் போன்ற திருத்தங்களை, பொருள் தோன்றியபின் இயங்கும் ‘இனிட்’ முறையில் அன்றி, பொருளைத் தோற்றுவிக்கும் ‘நியூ’ முறையிலேயே செய்தல் வேண்டும்.

இங்கு ஓர் இடர் உளது. புது தில்லியின் 110001 என்னும் எண்ணை இவ்வகுப்பின் பொருளாக ஆக்கி, அதன் முதல் மூன்று இலக்கங்களைப் பிரித்தெடுத்தால், கிடைக்கும் 110 துணைவகுப்பைச் சார்ந்ததன்று, வெறும் எழுத்துச்சரமே. இது முறையானதே, குறியீட்டெண்ணின் ஒரு பகுதி குறியீட்டெண் ஆகாதன்றோ? ஆனால், ஓர் இலக்கத்தை மாற்றினாலும், வேறொன்றைச் சேர்த்தாலும் விளைவு அவ்வாறே வெறும் சரமாகின்றது. அப்போது சோதனை நிகழ்வதில்லை, பிழைச்செய்தியும் எழுவதில்லை. களப்பணியாளர் பிழையின்றிப் பதிந்த எண், நிரலினுள் ஐந்து இலக்கமாகக் குறைந்து பட்டியலில் ஏறிவிடக்கூடும். ரூபி மொழியும் 2020-இல் வெளிவந்த 3.0 பதிப்பில், எழுத்துச்சரச் செயல்முறைகள் துணைவகுப்புப் பொருளுக்குப் பதிலாக மூல வகுப்பின் பொருளையே தருமாறு மாற்றப்பட்டது.

ஆகவே, குறியீட்டெண் ஒருவகை எழுத்துச்சரம் எனக் கொள்வதினும், எழுத்துச்சரம் ஒன்றைத் தன்னுள் கொண்ட தனிப்பொருள் எனக் கொள்வதே நன்று. அவ்வகுப்பில் தேவையான செயல்முறைகளை மட்டும் அமைத்து, ஒவ்வொன்றும் சோதனைக்கு உட்பட்ட விளைவையே தருமாறு செய்யலாம்.

வகுப்பறையில் ஆசிரியர்கள் ‘டைப்’ என்னும் கட்டளையால் இரு விளைவுகளின் வகுப்பையும் கேட்டுக் காட்டுவராயின், மாணவர் இவ்வேறுபாட்டைத் தாமே கண்டுணர்வர்.