சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஆனாலும் அது கட்டடம்தான்!

சீத்தா கேம்ப்பைத் தாண்டி டிராம்பே சாலையின் கடைசி வரை சென்றால் டிராம்பே கோலிவாடா வரும். அதை அடுத்துப் படகுத் துறை. சீத்தா கேம்ப் உண்டானது 1976-ம் ஆண்டில். கோலிவாடாவோ அதைவிடப் பல தலைமுறை மூத்தது. மும்பையின் பூர்வ குடிகளான கோலி மீனவர்களின் ஊர் அது.

கோலி மக்களிடமிருந்து மும்பைத் தமிழர் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் பொம்பில் கருவாடு. கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் பலர், அது காயும் இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தோரணம் போல் தொங்கும் மீன்

டிராம்பேயை ஒட்டிய தானே கழிமுகத்தில் ஆலைக் கழிவும் சாக்கடை நீரும் கலந்ததால் மீன் வரத்து குறைந்துவிட்டது. பொம்பில் காய்வதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் வெர்சோவா, மட், கோராய், உத்தன் ஆகிய கரைகளுக்குப் போக வேண்டும்.

அங்கே வரிசை வரிசையாகக் கம்புகள் நடப்பட்டிருக்கும். கம்புக்குக் கம்பு, ஒன்றன் கீழ் ஒன்றாகக் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். இதற்கு 'வலாண்டி' என்று பெயர்.

டோல் என்னும் பை போன்ற வலையைக் கடலில் ஓரிடத்தில் நிலையாகக் கட்டிவிடுவார்கள். நீரோட்டமே மீனை அதற்குள் தள்ளிவிடும். மீன் கரைக்கு வந்ததும் வேலை பெண்களின் கைக்கு மாறும். பொம்பிலுக்கு அகன்ற வாய், கூரிய பல். ஒரு மீனின் தாடையை இன்னொரு மீனின் தாடையில் மாட்டி, ஜோடி ஜோடியாகக் கயிற்றின்மேல் போடுவார்கள். ஆணியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். மீனே மீனுக்குக் கொக்கி!

பச்சை பொம்பிலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை தண்ணீர்தான். பிடித்த சில மணி நேரத்தில் குழைந்துவிடும். அதைத் தரையில் பரப்பினால் மண் ஒட்டும், ஈரம் ஏறும். உயரத்தில் தொங்கினால் நாலு பக்கமும் காற்று படும். வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் காய வைத்துவிடும். பத்துக் கிலோ பச்சை மீன், இரண்டு கிலோவுக்கும் குறைவான கருவாடாகும். மழை தொடங்கினால் இந்த வேலை நின்றுவிடும்.

நம் கரையில் உப்பு

தமிழ்நாட்டுக் கரையில் கருவாட்டுக்கு உப்புதான் உயிர். வெள்ளைக்காரர் ஆட்சியில் உப்புக்கு வரி இருந்தது. வரி கட்டி உப்பு வாங்கிக் கருவாடு போட்டால் மீனவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே 1870-களிலிருந்து சென்னை மாகாணக் கடற்கரைகளில் அரசாங்கமே கருவாட்டுக் கிடங்குகளை அமைத்தது. அங்கே வரியில்லாத உப்பு கிடைக்கும். அந்த உப்பு வெளியே போய்விடாமல் அதிகாரிகள் காவல் இருப்பார்கள். அந்தக் கிடங்குகளுக்கு வேலி இருந்தது, கணக்குப் புத்தகம் இருந்தது. வலாண்டிக்கு இரண்டும் இல்லை.

ஐரோப்பா போட்ட தடை

கட்டடம் இல்லை என்பதே ஒரு சமயம் பொம்பிலுக்கு வினையாயிற்று. 1997-ல் ஐரோப்பிய யூனியன் இந்தியாவிலிருந்து பொம்பில் கருவாடு வருவதைத் தடுத்தது. அங்கீகாரம் பெற்ற ஆலைகளில் தயாரான மீனுக்கே அனுமதி என்பது விதி. பொம்பிலோ வெட்டவெளியில் காய்வது. பிரிட்டனில் அதை விரும்பி உண்பவர்கள் விடவில்லை, குரல் எழுப்பினார்கள். வெளியில் காய்ந்தாலும் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் கட்டி அனுப்பினால் போதும் என்று சில ஆண்டுகளில் விதி தளர்ந்தது.

ஐரோப்பாவிலேயே இதே முறை உண்டு என்பதுதான் வேடிக்கை. நார்வே நாட்டின் லோஃபோட்டன் தீவுகளில் காட் என்ற மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை குளிர்காற்றிலேயே காய்கிறது. உப்பு கிடையாது. மீனவர்கள் தங்குவதற்காகக் கரையோரம் கால் நட்டுக் கட்டிய பழைய மரக் குடிசைகளில் பல இன்று சுற்றுலாப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. ஆனால் மீன் காயும் சட்டங்கள் மீனுக்கே இருக்கின்றன.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கதை வேறு. அளவு மீறிப் பிடித்ததால் காட் மீன் அற்றுப்போகும் நிலை வந்து, 1992-ல் அரசாங்கம் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கரையோர மீன் கொட்டகைகள் பல பாழடைந்தன.

வரைபடத்தில் இடம் உண்டா?

மும்பையில் நிலத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். கொலாபாவில் 1875-ல் கட்டிய சசூன் டாக் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. வரைபடத்தில் பெயரும் இருக்கிறது. வலாண்டி நிற்கும் திடல், பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் காலி மனை.

மும்பைப் பெருநகரின் மீனவர் குடியிருப்புகளை வரைபடத்தில் குறித்துப் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2011-ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கூறியது. ஆனால் குடியிருப்பு என்றால் வீடுகள் மட்டும்தானா? மீன் காயும் திடல், படகு ஏற்றும் கரை, வலை செப்பனிடும் இடம் ஆகியவற்றையும் எல்லைக்குள் சேர்க்க வேண்டும் என்பது மீனவர்களின் கோரிக்கை. திடல் போனால் பிடித்த மீனைக் காய வைக்க இடமில்லை. பச்சையாகவே வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அதில் முதலில் பிழைப்பை இழப்பவர்கள் பெண்கள்.

இந்தக் கவலை சீத்தா கேம்ப் மக்களுக்குப் புதிதல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், ஜனதா காலனியிலிருந்து பெயர்த்து இங்கே சேற்று நிலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் குடியிருந்த இடம், காகிதத்தில் தங்களுடையதாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். கோலிவாடாப் பெண்கள் கேட்பது மாளிகை அல்ல. நாலு கம்பு நட, நாலு கயிறு கட்ட இடம்.