இருளர் வேட்டைப்பை: வடதமிழகச் சமவெளியின் புழங்குபொருள்களும் மரபறிவும்

ஆய்வுச் சுருக்கம்

வேட்டைக்கும் உணவு தேடலுக்கும் செல்வோர் உடன் கொண்டுசெல்லும் பொருள்கள், அச்சமூகத்தின் சூழலறிவை அறிய உதவும் சான்றுகளாகும். வடதமிழகச் சமவெளியில் வாழும் இருளர் பழங்குடியினரின் கடப்பாரை, புகைக்கலம், துணிப்பை ஆகியவற்றின் பயன்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் கருவிகளோடு அவற்றை ஒப்பிடுவதுடன், 1972ஆம் ஆண்டுக்குப் பின் நேர்ந்த மாற்றங்களையும் தொகுத்துரைக்கிறது. இருளரின் சுமை சிறிதாக இருப்பதற்குக் காரணம் அவர்தம் நில அறிவு. அவ்வறிவு அடுத்த தலைமுறைக்குச் சேராவிடில் கருவிகளைப் பாதுகாப்பதால் மட்டும் பயனில்லை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இருளர், புழங்குபொருள், கடப்பாரை, புகைக்கலம், மரபறிவு, பெரும்பாணாற்றுப்படை, நெய்வேலி.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி, பழுப்பு நிலக்கரி நகரியமாகவே பெரிதும் அறியப்படுகிறது. 1956ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்ற பின்னர், அங்கே மாபெரும் சக்கர இயந்திரங்கள் மேல்மண்ணை அகற்றி நிலக்கரியை வெட்டியெடுத்து வருகின்றன. நெய்வேலி அமைந்துள்ள பழைய தென்னார்க்காட்டுச் சமவெளியில் நிலத்தை அகழ்ந்து வாழ்ந்த மற்றொரு மரபும் உண்டு. அது இருளர் மரபு. அவர்களுடைய அகழ்கருவி ஒற்றைக் கடப்பாரையே.

தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குழுவினருள் இருளரும் அடங்குவர். நீலகிரி, கோவை மலைப்பகுதிகளில் வாழ்வோர் ஒரு பிரிவினர். திருவள்ளூர் முதல் கடலூர் வரையுள்ள சமவெளியில் வாழ்வோர் மற்றொரு பிரிவினர். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பு, செங்கற்பட்டு, வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களின் இருளரைத் தனியே விவரிக்கிறது. இக்கட்டுரை சமவெளி இருளரை மட்டுமே கருத்தில் கொள்கிறது.

பையில் இடம்பெறும் பொருள்கள்

இருளரின் வேட்டைப் பொருள்களுள் முதன்மையானது கடப்பாரை. அதன் கூரிய முனை வளையைத் தோண்டவும், கிழங்கை அகழவும், புதரை விலக்கவும், கல்லைப் புரட்டவும் பயன்படுகிறது. ஒரு பணிக்கு ஒரு கருவி என்னும் முறைக்கு மாறாக, ஒரு கருவிக்குப் பல பணிகள் என்னும் முறையே இங்குக் காணப்படுகிறது. நாள் முழுவதும் நடந்து திரியும் வேட்டையில் கையில் உள்ள ஒவ்வொரு பொருளும் சுமையே ஆதலால், இம்முறை தேவையிலிருந்து பிறந்ததாகும்.

இரண்டாவது பொருள் புகைக்கலம். இது அடியில் சிறு துளையிட்ட மண்பானை. வைக்கோலை உள்ளே திணித்து நெருப்பிட்டு, பானையின் வாயை எலிவளையின் வாயோடு பொருத்தி, அடித்துளை வழியே வாயால் ஊதுவர். புகை வளைக்குள் பரவ, எலி மூச்சுத்திணறி மயங்கும்; பின்னர் வளையைத் தோண்டி எலியை எடுப்பர். வைக்கோல் வயலிலேயே கிடைப்பதால் தீப்பெட்டியைத் தவிர வேறெதையும் சுமக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது பொருள் துணிப்பை. பிடித்த பாம்பு மூச்சுவிடவும், அதே வேளையில் வெளியேறாமல் இருக்கவும் பருத்தித் துணி ஏற்றதாகும். பையின் வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் இருளில் பாம்பு அடங்கிக் கிடக்கும். எலி வளையிலிருந்து எடுக்கும் நெல்லைக் கொண்டுவரவும் பை தேவை. வயலெலி அறுவடைக் காலத்தில் நெற்கதிர்களைத் தன் வளையின் அறைகளில் சேமித்து வைக்கும். எனவே ஒரு வளையைத் தோண்டும் இருளர் குடும்பத்திற்கு இறைச்சியும் தானியமும் ஒருங்கே கிடைக்கின்றன. உழவருக்கோ பயிரை அழிக்கும் எலி ஒழிகிறது.

பையில் இடம்பெறாத பொருள்

இப்பட்டியலைக் கொண்டு மட்டும் ஒருவர் வேட்டையாடிவிட முடியாது. எந்த வளையைத் தோண்டுவது என்பதே முதல் கேள்வி. வளைவாயில் சிலந்தி வலை படர்ந்திருந்தால் அண்மையில் எவ்வுயிரும் அதன் வழியே சென்றிலது என்பது தெளிவு. புதிதாக வெளித்தள்ளப்பட்ட ஈரமண், உள்ளே எலி இருப்பதைச் சுட்டும். வாயின் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருத்தல், புழுதியில் ஊர்ந்த தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியன பாம்பின் இருப்பைக் காட்டும். எலி, தப்பிச் செல்லும் வழிகளை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருக்கும். அவற்றைக் கண்டறிந்து அடைத்த பின்னரே புகையூட்ட வேண்டும். இன்றேல் உழைப்பு வீணாகும்.

இவ்வறிவு பெற்றோருடன் வயலுக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர் கண்டும் செய்தும் கற்பதாகும். எனவே வேட்டைப்பையின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாதது எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையின் சான்று

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் வாழ்க்கையை விரிவாகக் காட்டுகிறது. எயிற்றியர் உளி போன்ற வாயுடைய இரும்பு முனை பொருத்திய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கின்றனர். அது எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசி என்று உரைகள் விளக்கும். அதனை நில உரலிலிட்டுக் குற்றி, உவர்நீர் உலையேற்றி, வாய் சிதைந்த பானையில் சமைக்கின்றனர்.

சிற்றுயிர் சேமித்த தானியத்தை இரும்பு முனைக்கோலால் அகழ்ந்தெடுக்கும் இம்முறை, எலிவளை நெல்லைக் கடப்பாரையால் எடுக்கும் இருளர் முறையோடு நெருங்கிய ஒப்புமை உடையது. இதனைக் கொண்டு எயினரே இருளர் என இனத்தொடர்ச்சி காண்பது பொருந்தாது. ஒரே வகை நிலம் ஒரே வகைக் கருவியை வேண்டி நிற்கிறது என்று கொள்வதே பொருத்தமாகும்.

சட்டமும் மாற்றமும்

இருபதாம் நூற்றாண்டில் பாம்புத்தோல் வணிகம் பெருகியபோது இருளரின் துணிப்பை சந்தைக்குரியதாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. ஆயினும் இருளரின் வருவாயைப் பறித்தன. இந்நிலையில், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் செயற்படும் இச்சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை வனத்துறை உரிமத்துடன் பிடிக்கின்றனர். வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் அவற்றைச் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விடுவிக்கின்றனர். பாம்புக்கடிக்கு மருத்துவமனைகளில் வழங்கப்பெறும் நஞ்சுமுறி மருந்து இந்நஞ்சிலிருந்தே உருவாகிறது. கருவிகளும் அறிவும் அவையே. உயிரைக் கொன்ற தொழில் உயிரைக் காக்கும் தொழிலாயிற்று.

புகைக்கலத்திலும் மாற்றம் நேர்ந்தது. அடித்துளையில் வாய்வைத்து ஊதுவதால் உதடும் கையும் சுடும். புகை நுரையீரலைத் தாக்கும். இக்கேட்டினைத் தவிர்க்கக் கையால் சுழற்றும் காற்றாடி பொருத்திய எஃகுப் புகைக்கலம் உருவாக்கப்பெற்று, 2003ஆம் ஆண்டில் உலக வங்கியின் புத்தாக்கப் போட்டியில் நிதியுதவி பெற்றது. மரபுப் பொருள் அனைத்தும் குறையற்றவை என்னும் கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. மாற்ற வேண்டியது உடலை வருத்திய கலம். வளையைத் தேர்ந்து புகையூட்டும் அறிவு அன்று.

அறிவே முதன்மையானது என்பதற்கு 2017ஆம் ஆண்டு நிகழ்வு தக்க சான்றாகும். அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருளர் இருவர் அழைக்கப்பெற்றனர். முன்பின் அறியாத நிலத்தில், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவர்கள் தம் குழுவினருடன் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவர்களுக்கு 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

முடிவுரை

இருளர் வேட்டைப்பை மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. ஒரு கருவி பல பணிகளை ஆற்றுவதால் சுமை குறைகிறது. வைக்கோல், உணவு போன்றவற்றை நிலமே தருவதால் அவற்றைச் சுமக்கும் தேவை இல்லை. எஞ்சிய அனைத்தும் அறிவாக இருப்பதால் அவை எடையற்றவை. இம்மூன்றாவது கூறே இன்று இடருக்குள்ளாகியிருக்கிறது. கடப்பாரையையும் மண்பானையையும் அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். புழுதியில் தடம் பார்க்கும் கண்ணை அவ்வாறு காத்தல் இயலாது. பள்ளிக் கல்வி இருளர் குழந்தைகளின் உரிமை. அதற்காக வயலறிவை இழத்தல் அவர்கள் கொடுக்க வேண்டிய விலை அன்று. மூத்தோரை ஆசிரியராகக் கொண்டு, அவர்தம் ஒப்புதலோடும் பெயரோடும் இவ்வறிவை வட்டாரந்தோறும் பதிவு செய்தல் தமிழ்ப் புழங்குபொருள் ஆய்வின் உடனடிக் கடமையாகும். நெய்வேலி போன்று நிலமே உருமாறிவரும் பகுதிகளிலிருந்து அப்பணியைத் தொடங்குதல் நலம்.